பழைய சுசுகி ஜீப்பை வீட்டு முற்றத்தில் வைத்து 2 அங்குலம் உயர்த்தலாமா? செலவு குறைந்த வழி எது?

கேள்வி: முத்தையன்கட்டு வயல்காரன்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பழைய சுசுகி சமுறாய் ஜீப் ஒன்று இருக்கின்றது. 1.3 லீற்றர் பெற்றோல் இயந்திரம், நான்கு சில்லு இழுவை, முன்னும் பின்னும் பிளேட் ஸ்பிரிங், 205/70 ஆர்15 டயர். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய ஜீப்புகளுக்கே கேட்டதுதான் விலை என்றாகிவிட்டதால், இதை விற்று உயரமான வேறொன்றை வாங்குவது என்னால் இயலாத காரியம். இருப்பதைத் திருத்திக்கொள்வதே வழி.

என் வயல் முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இருக்கின்றது. ஒட்டுசுட்டான் வரை ஏ34 வீதியில் எந்தச் சிரமமும் இல்லை. அதற்குப் பின் கிறவல் வீதியும், அதையும் தாண்டினால் வாய்க்கால் ஓரப் பாதையும்தான். காலபோக உழவும் மாரி மழையும் ஒன்றாகத் தொடங்குவதால், பெட்டி பூட்டிய உழவு இயந்திரங்கள் அந்தப் பாதையைக் கிழித்து, இரு பக்கமும் ஆழமான சுவடும் நடுவில் புல் முளைத்த மேடுமாக ஆக்கிவிடுகின்றன. நான்கு மூடைப் பசளையும் நீரிறைக்கும் இயந்திரமும் ஏற்றிக்கொண்டு போகும்போது அடியில் ஏதோ ஒன்று உரசுகின்றது. சில இடங்களில் முட்டி நின்றும்விடுகின்றது. வெறுமையாக நிற்கும்போதே பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருப்பது போலவும் தெரிகின்றது.

ஆகவே ஜீப்பை 2 அங்குலம் உயர்த்த எண்ணியுள்ளேன். புதிய பிளேட், ஷொக் அப்சோபர், ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட் எல்லாம் அடங்கிய தொகுதியைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம் என்றார்கள். அதன் விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். வெல்டிங் கடையில் நீளமான ஷக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் ஆடுதகடு) செய்து பூட்டுவதே மிகவும் மலிவு. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரும்புக் கட்டை வைக்கலாம் என்று ஒருவரும், அச்சின் கீழே இருக்கும் ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றினால் 5 அங்குலத்துக்கு மேல் கிடைக்கும் என்று இன்னொருவரும் சொன்னார்கள். என்னிடம் இரண்டு ஜக், ஒரு ஸ்பனர் தொகுதி, ஒரு கிரைண்டர் ஆகியவை உண்டு. சீமெந்துத் தரை இல்லை, முற்றம் மணல். இந்த நிலையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: கிளிநொச்சிப் பழைய கராஜ்

தம்பி, ஷக்கிளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஜீப்பின் கீழே ஒருமுறை படுத்துப் பாருங்கள். "ஏதோ ஒன்று உரசுகின்றது" என்பதை வைத்துக்கொண்டு எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. மண்ணும் கல்லும் தேய்த்த இடம் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் மின்னிக்கொண்டிருக்கும். அது அச்சின் நடுவே சில்லுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிபரன்ஷல் கூட்டின் அடியா, யூ போல்ட்டின் நுனிகளா, நடுவிலிருக்கும் டிரான்ஸ்பர் கியர்ப்பெட்டியா, புகைக்குழாயா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கின்றது. உங்களுடையது முன்னும் பின்னும் முழு அச்சு உள்ள வண்டி. டிபரன்ஷல் அச்சோடு சேர்ந்தது. அச்சு சில்லோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கை 2 அங்குலம் உயர்த்தினாலும் 5 அங்குலம் உயர்த்தினாலும் மேலே போவது சட்டகமும் உடலும்தான். டிபரன்ஷல் நிலத்திலிருந்து முன்பிருந்த உயரத்திலேயே நிற்கும். அதை உயர்த்தக்கூடியது டயர் மாத்திரமே. கணக்கு எளிது. 205/70 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீற்றர், 215/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 704. வித்தியாசத்தில் பாதி அச்சுக்குக் கிடைக்கும். அதாவது 18 மில்லிமீற்றர். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், நடு மேட்டில் டிபரன்ஷல் இழுபடுவதற்கும் தப்பிப் போவதற்கும் இடையிலுள்ள தூரம் பல வேளைகளில் அவ்வளவுதான். 235/75 போட்டால் 33 மில்லிமீற்றர் கிடைக்கும். ஆனால் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 10 வீதம் கூடிவிடும், 1.3 லீற்றர் இயந்திரம் சேற்றில் மூடைகளோடு அதை இழுக்கத் திணறும், வளைவில் திருப்பும்போது டயர் உடலிலும் உரசும். 215/75 போதும். அதற்கே வேகமானி 5 வீதம் குறைத்துக் காட்டும். முள் 60 இல் நின்றால் நீங்கள் 63 இல் போகின்றீர்கள்.

அடுத்தது, பின்பக்கம் தாழ்ந்திருப்பது. இவ்வளவு பழைய பிளேட்டுகள் இளகிப் படுத்திருப்பதில் வியப்பில்லை. அவற்றை முதலில் இருந்த வளைவுக்குக் கொண்டுவந்தாலே நீங்கள் தேடும் உயரத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடலாம். இளகிய பிளேட்டை அப்படியே வைத்துவிட்டு நீள ஷக்கிள் பூட்டினால், படுத்திருக்கும் ஸ்பிரிங் படுத்தபடியே இருக்கும், மூடை ஏற்றியதும் அடிக்கும். தாழ்வை அளப்பதற்கு நிலத்திலிருந்து அளக்க வேண்டாம். டயர்க் காற்று கூடிக் குறைந்தால் கணக்குப் பிழைக்கும். சில்லின் மையத்திலிருந்து நேர் மேலேயுள்ள மட்கார்ட் விளிம்பு வரை, நான்கு சில்லுகளிலும், வெறுமையாக ஒரு தடவையும் வழக்கமான சுமையோடு ஒரு தடவையும் அளந்து எழுதிவையுங்கள்.

நீள ஷக்கிளைப் பற்றிப் பலர் தெரியாமல் பேசுகின்றார்கள். ஷக்கிள் இருப்பது ஸ்பிரிங்கின் ஒரு முனையில் மட்டுமே என்பதால், ஷக்கிளை 50 மில்லிமீற்றர் நீட்டினால் அச்சின் இடத்தில் 25 மில்லிமீற்றர்தான் உயரும். 2 அங்குலம் வேண்டுமென்றால் ஷக்கிளை 4 அங்குலம் நீட்ட வேண்டும்; அதை யாரும் செய்யக்கூடாது. சமுறாயில் முன் ஷக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கின்றது. அந்த முனை கீழே இறங்கும்போது முழு அச்சும் முன்னோக்கிச் சுழலும். ஸ்பிரிங்கின் இரு முனைகளிலுமுள்ள வளையங்களான கண்ணுக்குக் கண் 900 மில்லிமீற்றர் என்று வைத்தால், 50 மில்லிமீற்றர் நீட்டம் அச்சை ஏறத்தாழ 3 பாகை சுழற்றிவிடும். காஸ்டர் கோணம், அதாவது முன் சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, மொத்தமாகவே சில பாகைதான். அது போய்விட்டால் ஸ்டியரிங் வளைவிலிருந்து தானாகத் திரும்பி வராது. ஏ34 இல் 60 இல் போகும்போது ஜீப் வீதி முழுவதையும் அளந்துகொண்டு போகும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைச் சரிசெய்யலாம் என்றாலும், ஒன்றைக் கெடுத்து இன்னொன்றால் திருத்துகின்ற அந்த வேலை எனக்குப் பிடிப்பதில்லை.

முன் அச்சில் கட்டை என்ற பேச்சே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது முன் அச்சு சுழல முற்படும் விசை முழுவதும் அந்தக் கட்டையில் இறங்கும். கட்டை நழுவினால் அச்சு இடம் மாறும், ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். பின்பக்கத்தில் ஒற்றைக் கட்டையைச் சிலர் வைத்து ஓடுகின்றார்கள். கட்டைக்கு மேல் கட்டை அடுக்குவது தற்கொலை. ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றுவது வேறு விதமான வேலை: அச்சில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்து ஒட்ட வேண்டும், டிபரன்ஷலின் மூக்குக் கோணத்தைச் சரியாக நிறுத்த வேண்டும், ஸ்டியரிங் இணைப்புத் தண்டின் பாதையை மாற்ற வேண்டும். மணல் முற்றத்தில் அதைத் தொடங்கினால் அடுத்த சிறுபோகத்துக்கும் ஜீப் கட்டையிலேயே நிற்கும்.

என் பரிந்துரை: பிளேட்டுகளைக் கழற்றி வளைவு ஏற்றுங்கள், பின்பக்கம் ஒரு பிளேட் கூட்டுங்கள், டயரை 215/75 ஆக்குங்கள். அளவுகளை எழுதுங்கள், பிறகு செய்முறையைச் சொல்கிறேன்.

பதில்: துணுக்காய் மேற்கு

வணக்கம் சகோதரம். மேலே ஐயா எழுதியவற்றில் பெரும்பகுதி சரியானது. ஆனால் ஷக்கிளை அவர் ஒதுக்கியது சற்றுக் கடுமையாகப் படுகின்றது. வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களில் சிலர் பின்பக்கத்தில் மட்டும் சிறிது நீண்ட ஷக்கிள் பூட்டி நெடுங்காலமாக ஓடுகின்றார்கள். 50 மில்லிமீற்றர் நீட்டினால் பின்பக்கம் 25 உயர்கின்றது. சமுறாயின் சில்லடித் தூரம் (முன் பின் சில்லு மையங்களின் இடைவெளி) 2030 மில்லிமீற்றர் என்பதால் வண்டி முன்னோக்கிச் சாய்வது ஒரு பாகைகூட இல்லை. முன் காஸ்டர் குறைவதும் அதே அளவுதான். பின்பக்கத்தில் சுமை ஏற்றுபவருக்கு, ஏற்றியதும் அந்தச் சாய்வும் போய்விடும். வயலுக்குப் போகும் ஜீப் எந்நேரமும் ஏ9 இல் ஓடுவதில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனால் ஷக்கிள் செய்யும் விதத்தில் கவனம் தேவை. வெறும் இரண்டு தகடுகளை வெட்டி, நான்கு துளை போட்டுக் கொடுத்துவிடுகின்றார்கள். நீளம் கூடியதும் அந்த இரண்டு தகடுகளும் பக்கவாட்டில் சரியத் தொடங்கும். வளைவில் ஜீப்பின் பின்பக்கம் தனியாக ஆடும். இரண்டையும் நடுவில் ஒரு குறுக்குத் துண்டால் இணைத்து ஒட்டினால் அந்த ஆட்டம் நிற்கும். தகடு பழைய ஷக்கிளின் தடிப்புக்குக் குறையாததாகவும், போல்ட் தலையில் வலிமைத் தரம் 8.8 அல்லது 10.9 என்று பொறிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். வன்னியில் பழைய இரும்புக்குப் பஞ்சமில்லை. அது எதிலிருந்து வெட்டிய தகடு, என்ன உருக்கு என்று எவருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல்.

இன்னொன்று. உழவு இயந்திரத்தின் சில்லிடை அகலமும் உங்கள் ஜீப்பின் ஏறத்தாழ 1.3 மீற்றரும் பொதுவாக ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டு சில்லையும் சுவட்டுக்குள் இறக்க முயலாமல், ஒரு பக்கச் சில்லை நடு மேட்டிலும் மறுபக்கச் சில்லைச் சுவட்டுக்கு வெளிக்கரையிலும் ஏற்றி, சுவட்டைக் கால்களுக்கு இடையில் விட்டு ஓட்டிப் பாருங்கள். கரை இடிந்து விழும் ஈர மண்ணில் இது சரிவராது. வாய்க்கால் பக்கமாக ஒருபோதும் செய்ய வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: முத்தையன்கட்டு வயல்காரன்

இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி கீழே படுத்துப் பார்த்தேன். பின் டிபரன்ஷல் கூட்டின் அடி தேய்ந்து வெள்ளி போல் மின்னுகின்றது. அதைவிட மோசம் பின் யூ போல்ட்டுகள்: ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருப்பதால் அவற்றின் நுனிகள் தகட்டுக்குக் கீழே ஒரு விரல் நீளம் தொங்குகின்றன, எட்டு நுனிகளிலும் மரை நசுங்கி வளைந்துபோய் இருக்கின்றது. டிரான்ஸ்பர் கியர்ப்பெட்டியின் அடித்தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. முன் அச்சில் டிபரன்ஷல் மட்டும் சிறிது தேய்ந்துள்ளது.

மையத்திலிருந்து மட்கார்ட் வரை அளந்ததில், முன்பக்கம் இரு புறமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பின்பக்கம் வலது புறம் இடது புறத்தைவிட 15 மில்லிமீற்றர் தாழ்வு. நான்கு மூடை ஏற்றியதும், அச்சு சட்டகத்தில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பருக்கும் அச்சுக்கும் இடையில் என் பெருவிரல் மட்டுமே நுழைகின்றது. ஆகவே சட்டகத்தை உயர்த்துவது என் பிரச்சினையில் பாதியைத்தான் தீர்க்கும் என்பது எனக்கு இப்போது விளங்குகின்றது. பின் பிளேட்டுகளைக் கழற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். முன்பக்கத்தையும் கழற்ற வேண்டுமா? மணல் முற்றத்தில் பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

பதில்: கிளிநொச்சிப் பழைய கராஜ்

முன்பக்கத்தைத் தொட வேண்டாம். புறத்துக்குப் புறம் ஒரே அளவாகவும், ஓட்டம் நேராகவும் இருக்கின்ற முன் ஸ்பிரிங்கைக் கழற்றுவது வேலையைத் தேடிப்போவதாகும். துணுக்காயார் சொன்ன பின் ஷக்கிள் வழியில் நான் பெரிய குறை காணவில்லை; குறுக்குத் துண்டு பற்றி அவர் எழுதியது பொன்னான வார்த்தை. ஆனால் உங்கள் பிளேட்டுகள் படுத்துவிட்டன என்பதை அந்தப் பெருவிரல் அளவே சொல்கின்றது. முதலில் பிளேட்.

மணல் முற்றத்தைப் பற்றி. ஜக்கின் அடியில் குறைந்தது 2 அங்குலத் தடிப்பும் ஓரடி அகலமும் உள்ள பலகை வைக்க வேண்டும். இல்லையென்றால் ஜக் உயர்வதற்குப் பதிலாக மணலுக்குள் இறங்கும், இறங்கும்போது சாயும். முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின் சட்டகத்தை உயர்த்தி, இரு புறமும் சட்டகத்தின் கீழ் தடித்த மரக் குற்றிகளைக் குறுக்கு நெடுக்காக அடுக்குங்கள். பனங்குற்றி இருந்தால் மிக நல்லது. சீமெந்துக் கல்லை மட்டும் வைக்காதீர்கள். அது வளையாது, முனகாது, முன்னறிவித்தல் இன்றி நொறுங்கும். கழற்றிய சில்லுகளையும் சட்டகத்தின் கீழ் தள்ளிவிடுங்கள். இரண்டாவது ஜக் அச்சைத் தாங்கட்டும். அச்சு ஒருபோதும் பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது.

முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளுக்கும் டீசல் தடவி ஊறவிடுங்கள். யூ போல்ட்டுகளின் நசுங்கிய மரையில் நட்டை இறக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். கிரைண்டரால் வெட்டி எறியுங்கள். யூ போல்ட் இறுக்கும்போது இழுபட்டு நீள்வது. ஒருமுறை கழற்றியதை மறுபடி பூட்டக்கூடாது. புதியவை வாங்கும்போது, கூட்டப்போகும் பிளேட்டின் தடிப்பையும் சேர்த்து நீளம் சொல்லுங்கள். பூட்டி இறுக்கிய பின் நட்டுக்கு வெளியே மூன்று நான்கு மரைக்கு மேல் மிஞ்சியிருப்பதை வெட்டிவிட்டால், சுவட்டில் உரசும் பொருள்களில் ஒன்று அத்தோடு போய்விடும். ஸ்பிரிங் கண்ணிலுள்ள போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு சேர்ந்து துருவேறி இறுகியிருக்கும். அதுவும் கிரைண்டர் வேலைதான், புதிய புஷ்ஷை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.

ஸ்பிரிங் பிளேட் அடுக்கைப் பிரிப்பதற்கு முன், பிளேட்டுகளை ஊடுருவிச் சேர்த்துப் பிடிக்கும் நடு ஆணியின் இரு பக்கமும் ஒவ்வொரு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். நடு ஆணியை மட்டும் கழற்றினால் பிளேட்டுகள் எகிறும். முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல அது. பிரித்த பின் ஒவ்வொரு பிளேட்டையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குட்டைப் பிளேட்டின் நுனி அதற்கு மேலுள்ள பிளேட்டின் அடிப்புறத்தில் பிறை வடிவில் குழி தோண்டியிருக்கும். நகம் அந்தக் குழியில் இலேசாகத் தடுக்கினால் பரவாயில்லை, நுனியைக் கிரைண்டரால் உருட்டிவிட்டுப் போடலாம். நகம் நன்றாக மாட்டிக்கொண்டால் அந்தப் பிளேட்டுக்கு ஓய்வு கொடுங்கள். வெடிப்பு தொடங்குவது அங்கிருந்துதான்.

வளைவு ஏற்றுவதை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம், பிளேட் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். காஸ் சுடரால் பிளேட்டின் நடுவை மட்டும் சிவக்கக் காய்ச்சி வளைத்துத் தருகின்றவரிடம் கொடுத்தால், அந்த இடம் பதம் இழந்து ஒரே போகத்தில் மறுபடி படுத்துவிடும், அல்லது அங்கேயே முறியும். ஸ்பிரிங் உருக்கை முழுவதாகக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்த வேண்டும். அந்த வசதி இல்லாதவர் குளிர்ந்த நிலையிலேயே சிறிது சிறிதாக அடித்தோ அழுத்தியோ வளைப்பது மேல். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சில துளி விட்டு இயந்திரத்தை எழுப்பி மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது. கைவசம் இருப்பதை வைத்துச் செய்வதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் உருக்கின் பதம் கெட்டிக்காரத்தனத்துக்கு மசியாது.

கூட்டும் பிளேட் அதே அகலமும் ஏறத்தாழ அதே தடிப்பும் உடையதாக, பிரதான பிளேட்டுக்கு அடுத்த நீளத்தில் இருக்க வேண்டும். குட்டையான தடித்த துண்டைச் செருகினால், சுமை முழுவதும் அதன் நுனியில் திரண்டு பிரதான பிளேட்டை அந்த இடத்தில் முறிக்கும். பிளேட்டுகளுக்கு இடையில் சாதாரண கிறீஸைப் பூச வேண்டாம். நமது செம்மண் தூசி அதில் ஒட்டினால் அரைக்கும் பசையாகிவிடும்.

பூட்டும்போது நடு ஆணியின் தலை அச்சுத் தாங்கியின் துளைக்குள் சரியாக அமர்ந்துவிட்டதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். யூ போல்ட்டின் நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை, சிறிது சிறிதாக, தயாரிப்பாளர் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஸ்பிரிங் கண்ணிலும் ஷக்கிளிலும் உள்ள போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, சில்லுகளைப் பூட்டி, ஜீப்பைக் கீழே இறக்கி, பின்பக்கத்தை இரண்டு மூன்று தடவை அழுத்தி ஆட்டிய பின்னரே இறுக்கி முடிக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகியபடியே வாழ்ந்து, சில மாதங்களில் கிழிந்துவிடும்.

பிறகு சட்டகத்தை மறுபடி உயர்த்தி அச்சை முழுவதாகத் தொங்கவிட்டு, ஷொக்கின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றிய நிலையில் அதன் மேல் கீழ்ப் பிடிகளுக்கு இடைத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஷொக் முழுவதும் நீண்ட நிலையில் அதைவிட நீளமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சைத் தடுத்து நிறுத்துவது ஷொக்காகிவிடும், அதன் கண் பிய்ந்துபோகும். அதே நிலையில் பிரேக் ஹோஸ் தளர்வாக இருக்கின்றதா, புரொப்பெலர் ஷாஃப்ட்டின் நீண்டு சுருங்கும் சிலிப் ஜொயின்ட் அதிகம் வெளியே இழுபடவில்லையா என்றும் பாருங்கள். 25, 30 மில்லிமீற்றர் உயர்வுக்கு இவை பெரும்பாலும் போதுமானவையாகவே இருக்கும். 50 கிலோமீற்றர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், 500 இல் இன்னொரு தடவை. புதிய பிளேட் அமரும்போது யூ போல்ட் தளரும். தளர்ந்த யூ போல்ட்டோடு ஓடினால் நடு ஆணி முறியும்.

பதில்: வவுனியா வடக்கு

வேலை பற்றி மேலே எழுதியவற்றுக்குக் கூட்டிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வேறு சில விடயங்களை மட்டும் நினைவூட்டுகிறேன். வாகனத்தின் அமைப்பில் செய்யும் மாற்றங்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பார்வைக்குள் வருபவை. தாழ்ந்த ஸ்பிரிங்கைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது பழுதுபார்த்தல். 5 அங்குலம் உயர்த்துவது அப்படியல்ல. முழுக் காப்புறுதி எடுத்திருந்தால், டயர் அளவு மாற்றத்தைக் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்திருங்கள். விபத்துக்குப் பின் மதிப்பீட்டாளர் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

சமுறாய் ஒடுக்கமான, குறுகிய வண்டி. 1988 இல் அமெரிக்காவின் நுகர்வோர் சஞ்சிகை ஒன்று அது எளிதில் கவிழும் என்று கூறி ஏற்கத்தகாதது என மதிப்பிட்டது. தயாரிப்பாளர் 1996 இல் தொடுத்த வழக்கு 2004 இல் சமரசத்தில் முடிந்தது. எவர் பக்கம் நியாயம் என்பது இங்கே தேவையில்லை. ஈர்ப்பு மையம் உயர உயரக் கவிழ்வது எளிதாகும் என்பதை எவரும் மறுக்கவில்லை. பசளை மூடையைக் கூரைக் கம்பியில் ஏற்றும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், உயர்த்திய பிறகாவது அதை விட்டுவிடுங்கள்.

உயர்த்திய ஜீப் கையில் இருக்கின்றது என்பதற்காக ஓடித் தேய்ந்த பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கவும் வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத நிலங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன.

முகப்பு விளக்கையும் மறந்துவிடாதீர்கள். பின்பக்கம் 25 மில்லிமீற்றர் உயர்ந்தால் ஒளி 50 மீற்றர் தூரத்தில் அரை மீற்றருக்கு மேல் தாழ்ந்து விழும். மூடை ஏற்றியதும் மறுபடி மேலே போகும். இரவில் வீதியில் மாடும் யானையும் நிற்கும் பகுதியில் இரண்டுமே ஆபத்து. வேலை தொடங்குவதற்கு முன், வழக்கமான சுமையோடு வீட்டுச் சுவருக்கு முன்னால் நிறுத்தி ஒளியின் மேல்விளிம்பைக் கரியால் கோடிட்டு வையுங்கள். முடிந்த பின் அதே இடத்தில், அதே சுமையோடு நிறுத்தித் திருகாணியால் சரிசெய்யலாம். டயரும் மாறுவதால், புதிய டயர் கூட்டித் தரும் 18 மில்லிமீற்றர் அளவுக்குக் கோடு மேலே இருப்பதை ஏற்றுக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்: முத்தையன்கட்டு வயல்காரன்

மிக்க நன்றி. பிளேட் வேலை செய்பவரிடம் எத்தனை மில்லிமீற்றர் வளைவு ஏற்றச் சொல்ல வேண்டும்? வலது புறத்துக்கு அதிகமாகக் கேட்பதா?

பதில்: கிளிநொச்சிப் பழைய கராஜ்

இரு புறத்துக்கும் ஒரே வளைவாகக் கேளுங்கள். தனித்தனி அளவு கொடுத்தால் ஒரு வருடத்தில் மறுபுறம் சாயும். இரண்டு பிரதான பிளேட்டையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்து, இரு கண்களின் மையங்களுக்கு இடையில் நூல் பிடித்து, நூலிலிருந்து நடுத் துளை வரையுள்ள ஆழம் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றதா என்று பார்த்து வாங்குங்கள். இடது புறத்தின் இப்போதைய வளைவைவிட 30 மில்லிமீற்றர் கூட்டச் சொல்லுங்கள். புதிதாக வளைத்த பிளேட் முதல் சில வாரங்களில் சுமையோடு ஓடும்போது சிறிது இறங்கும். அந்த இறக்கத்தையும் சேர்த்துத்தான் இந்த அளவைச் சொல்கிறேன். புரட்டாதிக்கு முன் கொடுத்துவிடுங்கள், மழை தொடங்கியதும் உழவு இயந்திரப் பெட்டிகளின் பிளேட்டுகள் அவருடைய கடை வாசலை நிறைத்துவிடும்.